முசோரி போகும் வழியில் ஒரு மடிப்பு

தில்லித் தமிழர்களுக்கு ஊட்டி தூரம், முசோரி பக்கம். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒரு வண்டியைப் பேசிக்கொண்டு, சஹாரன்பூர் வழியாக டேராடூன் போய், மேலே ஏறி, இரண்டு நாள் குளிரில் இருந்துவிட்டு வருகிறோம். இது பல வருஷப் பழக்கம். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ரிடையர் ஆகப் போகிறவர்கள் டேராடூனில் மனை வாங்குகிறார்கள், ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். நான் ரயில்வேயில் மலைப்பாதைக் கட்டுமானத்தில் இருந்தவன் என்று தெரிந்தவர்கள், சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் ஓரமாக அழைத்துக் கேட்பார்கள்: "சார், அந்த ஏரியா ஸ்திரமானதுதானே? பூகம்பம் கீகம்பம்...?"

காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்று தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும். ஆகவே ஆசிரியரிடம் நாலு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நான் படித்தது சிவில் டிப்ளமா. நிலவியல் எனக்குப் பாடப்புத்தகம் வழியாக வந்ததைவிட, டன்னலுக்குள் பக்கத்தில் நின்ற ஜியாலஜிஸ்டுகளின் வாய்வழியாக வந்ததுதான் அதிகம். அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் ஆரம்பிக்கிறேன்.

சஹாரன்பூரைத் தாண்டினால் கரும்பு வயல், மாந்தோப்பு, மறுபடியும் கரும்பு வயல். தரை மேஜை மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று எதிரே சுவர் எழுப்பினாற்போல் ஒரு மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் மொஹந்த் என்ற சிற்றூர். சமவெளி கொஞ்சம் கொஞ்சமாக மேடாகிப் பிறகு மலையாகிறது என்று நினைத்திருப்போம். இங்கே அப்படி இல்லை. கோடு கிழித்தாற்போல் இந்தப் பக்கம் சமவெளி, அந்தப் பக்கம் மலை. இதுதான் சிவாலிக் தொடர். இமயமலையின் தெற்கு ஓரத்துக் கடைசி வரிசை, வயதில் மிகவும் இளையதும் கூட.

மலைக்குள் நுழைந்ததும் சாலை ஓர் ஆற்றுப் படுகையை ஒட்டிப் போகும். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட பாறைகளைப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமான மணற்கல், பலகை பலகையாக அடுக்கியது போல் இருக்கும். அந்தப் பலகைகள் படுத்திருக்கவில்லை. ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், டேராடூன் பக்கமாகச் சரிந்து நிற்கின்றன. இன்னும் மேலே போனால் மணற்கல் குறைந்து, கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்தது மாதிரி ஒரு பாறை வரும். கற்கள் எல்லாம் உருண்டை. ஆற்றில் உருளாமல் கல் உருண்டை ஆகாது. அதாவது இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் ஆற்று மணலும் ஆற்றுக் கல்லும்தான். இன்றைக்குக் கங்கையும் யமுனையும் சமவெளியில் எப்படி வண்டலைக் கொட்டுகின்றனவோ, அப்படிப் பழைய இமயத்து ஆறுகள் கொட்டியது. ஆற்று வண்டல் படுக்கையாகத்தான் படியும். பிறகு எது இதை 30 டிகிரிக்கு நிமிர்த்தியது?

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தச் சிவாலிக் பாறைகளுக்குள் இருந்த விலங்கு எலும்புகளை 1830களில் தோண்டி உலகத்துக்குக் காட்டிய இருவரில் ஒருவர் ஹியூ ஃபால்கனர் என்ற டாக்டர். மற்றவர் பிராபி காட்லி, கால்வாய் என்ஜினீயர். பின்னாளில் ஹரித்வாரிலிருந்து கங்கைக் கால்வாயை வெட்டியவர் இந்தக் காட்லிதான். 1854-ல் தண்ணீர் திறந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த, நீண்ட தந்தம் கொண்ட ஒரு யானை இனத்துக்குப் பிள்ளையார் பெயரையே வைத்தார்கள்: ஸ்டெகோடான் கணேசா. வேலைக்கு நடுவே கல்லைக் குனிந்து பார்க்கிற என்ஜினீயர்கள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

சாய்ந்த பாறைக்கு வருவோம். ரயில்வேக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலப வழி இருக்கிறது. இப்போதெல்லாம் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறோம். வெயிலில் இரும்பு நீளப் பார்க்கும், நீள இடமில்லை. அந்த இறுக்கம் தண்டவாளத்துக்குள்ளேயே நெருக்கும் விசையாக நிற்கும். 60 கிலோ ரகத் தண்டவாளத்தில் 1 டிகிரி சூட்டுக்குக் கிட்டத்தட்ட 1.9 டன். 30 டிகிரி ஏறினால் ஒவ்வொரு தண்டவாளத்திலும் 55 டன்னுக்கு மேல். ஜல்லி சரியாகப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. எங்காவது ஜல்லி குறைந்த இடம் இருந்தால், அங்கே பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். தண்டவாளம் வலுவிழந்ததால் அல்ல, தள்ளும் விசைக்குப் போக்கிடம் அங்கே கிடைத்ததால். பூமியின் மேலோட்டிலும் நடப்பது இதன் உறவுதான். அடுக்கடுக்கான பாறையை இரண்டு பக்கமும் நெருக்கினால் பக்கவாட்டில் போக இடமில்லை. அடியில் போகவும் இடமில்லை. வானம் ஒன்றுதான் திறந்திருக்கிறது. ஆகவே மேல்நோக்கி மடிகிறது. காய்ச்சிய பாலின் ஏட்டைக் கரண்டியால் ஓரத்திலிருந்து தள்ளிப் பாருங்கள், சுருக்கம் விழும். அதுதான் மடிப்பு.

"பாறை எப்படி சார் மடியும்? உடையத்தானே செய்யும்?" என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன். உடையும், சுத்தியலால் அடித்தால். ரோடு போடுகிற தார்க் கட்டியைக் குளிர்காலத்தில் அடித்தால் கண்ணாடி மாதிரி சிதறும். அதே கட்டியை ஒரு பலகை மேல் சும்மா வைத்துவிட்டால் சில நாளில் தானே பரந்து வழியும். அவசரப்படுத்தினால் உடைகிறது, அவகாசம் கொடுத்தால் வளைகிறது. பாறைக்கு இங்கே கிடைத்த அவகாசம் லட்சக்கணக்கான வருஷங்கள். தலைக்கு மேல் சில கிலோமீட்டர் பாறையின் கனமும், ஆழத்தில் சூடும், இடுக்குகளில் தண்ணீரும் இருக்கின்றன. அப்பளம் இடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: காய்ந்த அப்பளம் ஒடியும், ஈரத்துணியில் சுற்றி வைத்தது மடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாறை ஒரே கட்டியாக இல்லை. மணற்கல், களிக்கல், மணற்கல், களிக்கல் என்று மாறி மாறி வருகிறது. 200 பக்க நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும். பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும். அதே கனத்துக்கு மரப்பலகை என்றால் வளையாது. களிக்கல் அடுக்குகள் அந்த வழுக்கலுக்கு இடம் கொடுக்கின்றன. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஹால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துணிகளை அடுக்கி, மேலே கனம் வைத்து, இரண்டு பக்கமும் தள்ளி, மலையில் பார்த்த அதே நெளிவுகளைக் காட்டினார். 1893-ல் அமெரிக்காவில் பெய்லி வில்லிஸ் மெழுகு அடுக்குகளைப் பெட்டியில் வைத்து நெருக்கினார். மடிப்பு மட்டுமில்லை, சில இடங்களில் அடுக்கு அறுந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதும் அப்படிப்பட்ட சோதனைகளில் தெரிந்தது.

அந்த ஏறிக்கொள்ளலுக்குத்தான் த்ரஸ்ட் என்று பெயர். தமிழில் உந்துப் பிளவு என்று வைத்துக்கொள்ளலாம். டன்னலில் எல்லோரும் த்ரஸ்ட் என்றே சொல்வோம். சாய்வாக ஒரு பிளவு. அதன் மேற்பக்கத்துப் பாறை, கீழ்ப்பக்கத்துப் பாறையின் முதுகில் ஏறுகிறது. மடிப்பும் த்ரஸ்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதி மலைகளில் மடிப்பை உண்டாக்குவதே அடியில் இருக்கும் த்ரஸ்ட்தான் என்பது மொஹந்தை வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் மாடிப்படிக்குக் கொண்டுபோங்கள். கீழ்த்தரையில் பாதி, படியில் பாதியாகப் போட்டு மெதுவாக மேலே இழுங்கள். படி இருக்கிற இடத்தில் மெத்தை மடங்கும், மேலே போய் மறுபடி படுக்கும். மெத்தையை மட்டும் பார்ப்பவனுக்கும் அடியில் படி இருப்பது தெரிந்துவிடும். மொஹந்தில் நடப்பது இதுதான். டேராடூனுக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய படுக்கையான ஒரு வழுக்குப் பரப்பு இருக்கிறது. தெற்கே வரும்போது அது சுமார் 30 டிகிரி சாய்வில் படி ஏறி, மொஹந்தில் சமவெளியின் விளிம்பில் வெளியே வருகிறது. அதன் மேல் ஏறும் மணற்கல் அடுக்குகள் அந்தச் சாய்வை அப்படியே வாங்கிக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் சமவெளியை நோக்கிச் செங்குத்தாகக் கவிழ்கின்றன. இரண்டு சாய்வும் சேர்ந்தது ஒரு மேல்மடிப்பு. நாம் தாண்டிப் போகும் சிவாலிக் மலை அதுவே. அதற்குப் பின்னால் தொய்ந்து கிடக்கும் பள்ளம்தான் டூன் பள்ளத்தாக்கு, அதாவது டேராடூன். ஊர் ஒரு தொட்டிலில் இருக்கிறது. தொட்டிலுக்கு அடியில் இருப்பது அந்த வழுக்குப் பரப்பு.

எல்லா மலையும் மேல்மடிப்பு, எல்லாப் பள்ளமும் கீழ்மடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முசோரி மலையின் அடுக்குகள் உண்மையில் கீழ்நோக்கித் தொய்ந்தவை, கிண்ணம் மாதிரி. கிண்ணத்தை அப்படியே தூக்கி மலை உச்சியில் வைத்திருக்கிறது! அரிப்புக்குத் தாங்கும் பாறை எங்கே மிஞ்சியதோ அங்கே மலை நிற்கிறது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த புதிர். பல கிலோமீட்டர் கனமும், நூறு கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு பாறைப் பலகையைப் பின்னாலிருந்து தள்ளி இன்னொரு பாறை மேல் ஏற்ற முடியுமா? பிரேக் போட்ட 58 வேகன்களைப் பின்னாலிருந்து எஞ்சினால் தள்ளுவது மாதிரி. கணக்குப் போட்டால் உராய்வு அவ்வளவு பெரியது. முன் வேகன் அசைவதற்கு முன் பின் வேகன் நசுங்கிவிடும். பாறையின் பலத்தை வைத்துப் போட்டாலும் அப்படியே வருகிறது. ஆனால் பாறை ஏறியிருப்பது கண்ணுக்கெதிரே தெரிகிறது.

1959-ல் கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். நம் சமையலறையில் அது தினமும் நடக்கிறது. வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில சமயம் யாரும் தொடாமலே அது வழுக்கிக்கொண்டு நகரும். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து டம்ளரை லேசாகத் தூக்குகிறது. ஓரத்தைத் தண்ணீர் அடைத்திருப்பதால் காற்று வெளியேற முடியவில்லை. கனம் குறைந்தது போல் ஆகி, உராய்வும் குறைகிறது. அவர்கள் குளிர வைத்த காலி பீர் டின்னைக் கண்ணாடிப் பலகையில் வைத்துக் காட்டினார்கள். நமக்கு டம்ளரே போதும். பாறைக்குள் காற்றுக்குப் பதில் தண்ணீர். வண்டல் படியும்போது மாட்டிக்கொண்ட தண்ணீர், மேலே கனம் ஏற ஏற, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, மேல் பாறையைத் தாங்க ஆரம்பிக்கிறது. அத்துடன் வழுக்குப் பரப்பு பெரும்பாலும் களி அடுக்கில்தான் தேர்ந்து ஓடும். போதாததற்கு, முழுப் பலகையும் ஒரே நேரத்தில் நகர்வதும் இல்லை. அறையை அடைத்து விரித்த ஜமக்காளத்தை நகர்த்த நினைத்தால் ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போவோம் இல்லையா, அதே தந்திரம். இந்த ஜமக்காள விஷயம் பின்னால் பூகம்பத்தில் மறுபடி வரும்.

இமயம் முழுவதும் இப்படித் தனித்தனி ஏற்றங்களின் வரிசை. அறுவடைக் காலத்தில் களத்தில் காயப்போட்ட நெல்லைப் பலகையால் தள்ளிக் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகரத்துப் பிள்ளைகள் தாத்தாவைக் கேட்டுக்கொள்ளட்டும். பலகைக்கு முன்னால் நெல் ஆப்பு வடிவத்தில் சேரும். ஒரு குறிப்பிட்ட சாய்வு வரும்வரை உயரும்; அதற்கு மேல் உயராமல், முன்னால் கிடக்கும் புது நெல்லைச் சேர்த்துக்கொண்டு அகலமாகும். மலைத்தொடர்களும் இப்படித்தான் வளர்கின்றன என்று டேவிஸ், சுப்பே, டாலன் என்ற மூவர் 1983-ல் கணக்கோடு எழுதினார்கள். அவர்கள் சொன்ன உவமை புல்டோசர். எனக்கு நெற்களமே பொருத்தமாகப் படுகிறது.

இமயத்தில் பலகை வடக்கே திபெத் பக்கம் நிற்கிறது. நகர்வது களம், அதாவது நம் இந்தியத் துணைக்கண்டம். மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி வருஷம். சென்னைக்கும் தில்லிக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை. தீபகற்பம் ஒரே கெட்டிப் பலகையாக வடக்கே போகிறது. நெருக்கல் முழுதும் மோதும் இடத்தில். இமயத்தின் குறுக்கே மட்டும் வருஷத்துக்குச் சுமார் 2 செ.மீ. குறைகிறது என்று செயற்கைக்கோள் அளவைகள் காட்டுகின்றன. நம் கைவிரல் நகம் வளர்கிற வேகத்தைவிடக் குறைவு.

நெல் குவியலில் பலகைக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் சேர்ந்தது, முன்னால் இருப்பது கடைசியில் சேர்ந்தது. மலையிலும் அந்த வரிசை இருக்கிறது. உள்ளே வடக்கில் மத்திய த்ரஸ்ட். 1936-ல் இங்கே நடந்து திரிந்த ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் ஆர்னால்டு ஹைம், அகஸ்டோ கான்சர் இருவரும் விவரித்தது. கான்சர் அந்தப் பயணத்தில் யாத்திரிகர் வேஷத்தில் எல்லை தாண்டி கைலாசத்துக்கே போய்ப் பாறை பார்த்துவிட்டு வந்தவர். அதற்குத் தெற்கே எல்லை த்ரஸ்ட். டேராடூனில் ராஜ்பூர் தாண்டி முசோரிக்கு ஏற்றம் ஆரம்பிக்கிற பக்கத்தில் அது வருகிறது. கடைசியில் மொஹந்தில் முகப்பு த்ரஸ்ட். வடக்கிலிருந்து தெற்காக, மூத்தவர் முதல் இளையவர் வரை.

ராஜ்பூரில் நின்று மேலே பாருங்கள். முசோரியின் சுண்ணாம்புக்கல் 50 கோடி வருஷங்களுக்கும் முந்திய கடலில் படிந்தது. அதன் அடிவாரத்தில் கீழே இருப்பது சிவாலிக். ஒரு கோடி, இரண்டு கோடி வருஷத்துப் பிள்ளை. தாத்தா பேரன் தோளில் உட்கார்ந்திருக்கிறார். சாதாரணமாகப் பழையது கீழே, புதியது மேலே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் ஒன்று மடிப்பு முழுதும் கவிழ்ந்திருக்கும், அல்லது த்ரஸ்ட் ஏற்றியிருக்கும். இந்தப் பகுதியின் பாறைகளை 1930களில் நடந்தே வரைபடமாக்கியவர் இந்திய நிலவியல் துறையில் இருந்த ஜான் ஆடன், கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் அண்ணன். தம்பிக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கு அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. முசோரிக்குப் போகிற நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் த்ரஸ்ட் ஒரு கோடு, பக்கத்தில் சின்னச் சின்ன முக்கோணப் பற்கள். மலைக்குள் அது கோடாக இருப்பதில்லை. ஜம்முவிலிருந்து உதம்பூர் வரை 53 கி.மீ. பாதை, 2005 ஏப்ரலில் திறந்தது. அதன் பாறையும் மொஹந்தில் பார்க்கும் இதே சிவாலிக்தான். அந்த வட்டாரத்து வேலைகளில் சில வருஷம் இருந்தேன். எந்த டன்னல் என்பது இங்கே வேண்டாம். காலை ஷிப்டில் கெட்டியான மணற்கல். துளை போட்டு, வெடி வைத்து, 2 மீட்டர் முன்னேறினோம். மறுநாள் முகப்பில் பாறையே இல்லை. சாம்பல் நிறத்தில், விரலால் அழுத்தினால் பதியும் ஈரக் களி. நடுநடுவே அரிசி மாதிரி நொறுங்கிய கல். இட்லிக்கு அரைக்கும்போது கல்லுரலில் பாதி அரைபட்ட மாவைக் கையில் எடுத்தது போல் இருந்தது. ஆமாம், அரைபட்டதுதான் அது. இரண்டு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து நடுவில் இருந்ததை அரைத்திருக்கின்றன.

கூட இருந்த ஜியாலஜிஸ்ட், வயதில் என்னைவிட இளையவர், களியிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் எண்ணெய் தடவியது போல் பளபளப்பு, அதில் சீப்பால் இழுத்தது மாதிரி கோடுகள். "தடவிப் பாருங்க சார்" என்றார். ஒரு திசையில் தடவினால் வழவழ. எதிர்த்திசையில் தடவினால் சொரசொர. பூனை முதுகு மாதிரி. எந்தத் திசையில் வழவழப்போ அந்தத் திசையில் மேலே இருந்த பாறை போயிருக்கிறது. எப்போதோ, மனிதன் என்று ஒருவன் இல்லாத காலத்தில் நகர்ந்த மலை எந்தப் பக்கம் போயிற்று என்பதை விரலால் படித்தோம். அந்தக் கல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது அவ்வளவு ரசிக்கத்தக்கதாக இல்லை. களி காற்றுப் பட்டதும் ஊதியது. இரண்டு வாரத்தில் பக்கவாட்டு ஸ்டீல் ரிப்புகள் வில் மாதிரி உள்ளே வளைந்தன. ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நிறுத்தியதை அரை மீட்டருக்கு ஒன்றாக்கினோம். ஷாட்கிரீட், மறுபடி ஷாட்கிரீட். ஒப்பந்தக் காகிதத்தில் அந்த இடம் ஒரே ஒரு கோடு, அதற்கு ஒதுக்கியிருந்தது சில நாள். நாங்கள் தாண்டியது பல மாதம். கோட்டின் அகலத்தை அளந்து பார்க்க முன்கூட்டியே இன்னும் நாலு துளை போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு, வளைந்த ரிப்புகளின் விலையில் ஒரு பகுதிகூட இருந்திருக்காது என்பது இன்றைக்கும் என் அபிப்பிராயம். பிற்பாடு கட்ராவுக்கும் ரியாசிக்கும் நடுவே, எல்லை த்ரஸ்டை ஊடுருவிய 3.2 கி.மீ. டன்னல் எத்தனை வருஷம் இழுத்தது என்பது பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். 2025 ஜூனில் செனாப் பாலத்தை, அதன் 359 மீட்டர் உயரத்தை, எல்லோரும் படம் பிடித்தார்கள். பாலம் கண்ணுக்குத் தெரிகிறது. களிக்குள் போராடியது தெரியவில்லை.

இப்போது சங்கத்து அன்பர்களின் கேள்வி. மடிப்பு மெதுவாகத்தான் வளர்கிறது என்று சொன்னேன். லட்சம் வருஷத்துச் சராசரியில் மெதுவாக; ஆனால் தினம் தினம் நகர்வதில்லை. மொஹந்தில் உயர்ந்து நிற்கும் பழைய ஆற்றுத் திட்டுகளை அளந்து, அந்த த்ரஸ்டில் வருஷத்துக்கு 1 செ.மீ.க்குச் சற்று மேல் நகர்வு இருக்க வேண்டும் என்று 1999-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. இன்று போய் அளந்தால் அங்கே ஒரு நகர்வும் இல்லை, பூட்டியிருக்கிறது. பலகை வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது, பூட்டுக்குப் பின்னால் பாறை வில் மாதிரி வளைந்து விசையைச் சேர்க்கிறது. ஒரு நாள் பூட்டு விடும். ஜமக்காளத்தின் சுருக்கம் நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதைத்தான் பூகம்பம் என்கிறோம். மடிப்பு வளர்வதும் பூகம்பம் வருவதும் ஒரே காரியம். முசோரியின் குளிரும் ஹரித்வாரின் கங்கையும் வேண்டும், பூகம்பம் மட்டும் வேண்டாம் என்றால் மலை சம்மதிக்காது.

1905 ஏப்ரல் 4-ல் காங்க்ரா: சுமார் 20,000 பேர் இறந்தார்கள், டேராடூனிலும் வீடுகள் சேதம். 1991 அக்டோபரில் உத்தரகாசி, 1999 மார்ச்சில் சமோலி, இவை நடுத்தரம். 2005 அக்டோபர் 8-ல் காஷ்மீர்: த்ரஸ்ட் தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, 70,000-க்கு மேல் மரணம். 2015 ஏப்ரல் 25-ல் நேபாளம்: காத்மாண்டுப் பக்கம் தரை ஏறக்குறைய 1 மீட்டர் உயர்ந்தது; ஆனால் பிளவு தெற்கே தரைக்கு வராமல் பாதியில் நின்றுவிட்டது. மிச்சம் இன்னும் உள்ளே. கட்வாலில் கடைசியாகப் பெரியது 1803-ல். வருஷத்துக்கு 2 செ.மீ. என்று பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டால் அதற்குப் பிறகு 4 மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அது நாளைக்கா, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலா என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. தேதி குறித்து வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள்.

அப்படியானால் டேராடூனில் வீடு வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். 2002-ல் வந்த பூகம்ப வரைபடத்தில் டேராடூனும் நம் தில்லியும் ஒரே 4-ஆம் மண்டலம்தான் என்பதை ஏனோ யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை பில்டரிடம் கேளுங்கள். தூண்களில் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனை 135 டிகிரி உள்பக்கம் வளைக்கப்பட்டிருக்கிறதா, தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ரிங்குகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று கான்கிரீட் போடுமுன் போய்ப் பாருங்கள். ஐ.எஸ். 13920 என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். தரைத்தளம் முழுதும் கார் நிறுத்தமாக, சுவரே இல்லாமல் வெறும் தூண்களில் நிற்கும் கட்டடமானால், அந்தத் தூண்களுக்குத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ரிஸ்பனா, பிந்தால் ஓடைகளின் படுகையை ஒட்டி மலிவாக மனை வந்தால் வேண்டாம். அங்கே பூகம்பத்துக்கு முன் வெள்ளம் வந்துவிடும். ராஜ்பூருக்கு மேலே, எல்லை த்ரஸ்ட் போகிற சரிவில், களியும் நொறுங்கிய கல்லுமாக இருந்தால் அதுவும் வேண்டாம், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வீட்டின் கம்பியும் இந்த மலையின் பாறை மாதிரி, உடையாமல் வளையத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது மொஹந்துக் காட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள்; யானை நடமாட்டம் உண்டு. டேராடூனுக்குச் சற்று முன்னால் டாட் காளி கோயிலில் எப்படியும் எல்லா வண்டியும் நிற்கும். கும்பிட்டுவிட்டுச் சாலையோரப் பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கூழாங்கற்கள் எந்தப் பக்கம் சாய்ந்த வரிசையில் இருக்கின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தயிர்சாதப் பொட்டலத்தை மட்டும் கண்ணாடியை ஏற்றிய பிறகு பிரியுங்கள். அங்கே குரங்குகள் அதிகம்.